ஒரு சாண் ஆழத்து ஊர்

மெட்டல் டிடெக்டர் வாங்கிய முதல் மாதத்தில் தோண்டி எடுத்தவற்றில் பெரும்பாலானவற்றை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். அதில் பெரும்பகுதி ஆணிகள். அவற்றுக்கிடையே துருவேறிய கம்பித் துண்டுகள், நசுங்கிய குப்பி மூடிகள், சுருண்டு போன வெள்ளித்தாள், எதிலிருந்து கழன்றது என்று இன்றுவரை விளங்காத ஒரு பித்தளை வளையம், தேய்ந்த காசுகள் இரண்டு. பழைய இரும்புக்குப் போட்டாலும் கைநீட்டி வாங்க ஆள் கிடைக்காத சரக்குதான். ஆனால் நான் நடமாடும் நிலத்தின் பழங்கதையில் கொஞ்சமாவது தெரிந்துகொண்டிருக்கிறேன் என்றால், அது பெரும்பாலும் இந்த டப்பாவிலிருந்து வந்தது. டப்பாவில் இருப்பவற்றை முதலில் தப்பாகத் தோண்டி எடுத்ததிலிருந்து வந்தது என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

புதையல் ஆசையே இல்லாமல் இந்தக் கருவியை வாங்கினேன் என்று எழுதினால் அது பொய்யாகும். மண்ணுக்குள் கிடக்கும் ஒரு பானையும் அது நிறையப் பொற்காசும் என் மனத்திலும் இருந்தன. கருவியின் பெட்டியைப் பிரித்த அன்றே, கையேட்டை முழுதாகப் படிக்காமல், கொல்லையில் போய்ச் சுற்றி வந்தேன். பத்து நிமிடத்தில் இருபது முறை ஒலித்தது. இருபது இடத்தில் தோண்டியிருந்தால் கொல்லையே உழவு கண்டிருக்கும். நல்ல வேளையாக ஆறாவது குழியில் கை ஓய்ந்துவிட்டது. ஆறிலும் ஆணி. அன்றிரவுதான் கருவி எப்படி வேலை செய்கிறது என்று உட்கார்ந்து படித்தேன்.

கருவியின் அடிமுனையில் இருக்கும் வட்டத் தட்டுக்குள் செம்புக் கம்பிச் சுருள்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்றில் ஓடும் மாறுதிசை மின்னோட்டம் மண்ணுக்குள் ஒரு காந்தப்புலத்தை அனுப்புகிறது. அந்தப் புலத்துக்குள் ஓர் உலோகத் துண்டு அகப்பட்டால் அதில் சுழல் மின்னோட்டங்கள் எழுகின்றன. அவை உண்டாக்கும் எதிர்ப்புலத்தை இரண்டாவது சுருள் உணர்ந்து ஒலியாக மாற்றுகிறது. உலோகத்தின் கடத்துதிறனையும் பருமனையும் பொறுத்து அந்த எதிர்ப்புலம் சற்றே பிந்தி வரும். எவ்வளவு பிந்துகிறது என்பதை அளந்துதான் திரையில் ஓர் எண் காட்டப்படுகிறது. பல கருவிகளில் இந்த எண் 0 முதல் 99 வரை ஓடும்: வெள்ளித்தாள் கீழே, வெள்ளிக்காசும் தடித்த செம்பும் மேலே. புதிதாகத் தொடங்குபவர் மண்டையில் ஆணி அடித்தாற்போல் ஏற்றிக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அந்த எண் பொருளின் பெயரையும் சொல்லாது, மதிப்பையும் சொல்லாது. குளிர்பானக் குவளையிலிருந்து (டின்னிலிருந்து) கிழித்தெறிந்த அலுமினிய வளையமும் மெல்லிய தங்க மோதிரமும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வந்து உட்காரும். வளையங்களை ஒதுக்கும்படி கருவியை அமைத்தவர் மோதிரங்களையும் சேர்த்தே ஒதுக்குகிறார்.

இரும்பு இன்னும் மோசம். சிறிய ஆணி என்றால் கருவி கரகரத்துக் காட்டிக்கொடுத்துவிடும். வளைந்த ஆணியோ அகன்ற தகட்டுத் துண்டோ வெள்ளிக்காசைப் போலவே இனிமையாக ஒலித்து ஏமாற்றும். இரண்டு திசையிலிருந்தும் சுருளை வீசிப் பார்த்து, தொண்ணூறு பாகை திரும்பி நின்று மறுபடி வீசிப் பார்த்த பிறகும் எண் நிலையாக நின்றால்தான் தோண்டலாம் என்ற பழக்கம் எனக்கு வர ஐந்து வாரம் ஆனது. சுருளைத் தரைக்கு இணையாக, தரையை ஏறத்தாழ உரசும்படி, மெதுவாக வீச வேண்டும். ஊஞ்சல் போல இரு முனையிலும் மேலே தூக்கினால் நடுவில் இருப்பது மட்டுமே அகப்படும். ஆழத்தைப் பற்றியும் பெரிய நம்பிக்கை வேண்டாம். சிறு பொருள் ஒன்று சுருளை விட்டு விலகிப் போகப்போக, தூரம் இரட்டிப்பானால் அது திருப்பி அனுப்பும் சமிக்ஞை ஏறத்தாழ 64இல் ஒரு பங்காகத் தேய்ந்துவிடுகிறது. ஒரு காசு ஒரு சாண் ஆழத்தில் அகப்பட்டால் அதுவே நல்ல பிடிப்பு.

இந்தக் கருவியின் வரலாற்றிலும் ஓர் ஏமாற்றம் இருக்கிறது. 1881 ஜூலையில் அமெரிக்க அதிபர் ஜேம்ஸ் கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, உடலுக்குள் தங்கிய குண்டு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க, தொலைபேசியால் புகழ்பெற்ற அலெக்சாண்டர் கிரகாம் பெல் தூண்டல் முறையில் இயங்கும் ஒரு கருவியைச் செய்து கொண்டுபோனார். சோதனைகளில் ஒழுங்காக வேலை செய்த கருவி அதிபரின் படுக்கையருகே குழப்பமாக ஒலித்தது. மெத்தையின் கீழே எஃகுக் கம்பிகள் இருந்தன; போதாக்குறைக்கு, தலைமை மருத்துவர் குண்டு இருக்கும் என்று தாம் நம்பிய வலப்பக்கத்தை மட்டுமே தேடவிட்டார். குண்டு இடப்பக்கம் இருந்தது. செப்டம்பரில் அதிபர் இறந்தார். ஆணிகளுக்கு நடுவே ஒரு காசைத் தேடித் தோற்கும் ஒவ்வொரு மாலையும் எனக்குப் பெல் நினைவுக்கு வருவார். கை வலிக்கும்போது நினைவுக்கு வருபவர் வேறொருவர்: போலந்து நாட்டு அதிகாரி யூசெஃப் கொசாட்ஸ்கி. அவர் வடிவமைத்த கண்ணிவெடி தேடும் கருவியைத்தான் 1942இல் எகிப்தின் எல் அலமைன் பாலைவனத்தில் வீரர்கள் சுமந்து நடந்தார்கள். அதன் எடை ஏறத்தாழ 14 கிலோ. என்னுடையது ஒன்றரைக் கிலோகூட இல்லை.

ஏழாவது வாரத்தில் நான் செய்த தவறைச் சொல்ல வேண்டும்.

மழை பெய்து ஓய்ந்திருந்த காலை அது. ஈரமண்ணில் சிறு பொருட்கள் சற்றுத் தெளிவாக ஒலிக்கும் என்று கேள்விப்பட்டு, அனுமதி வாங்கியிருந்த தரிசு நிலமொன்றில் நடந்துகொண்டிருந்தேன். இரண்டு திசையிலும் ஒரே சீராக, குறுகலாக, வட்டமாக ஓர் ஒலி வந்தது. மண்ணை மூன்று பக்கம் வெட்டி, புல்லோடு மூடி போலப் புரட்டி, உள்ளே கைக்கருவியை நீட்டித் துழாவியபோது குழியின் பக்கச் சுவரில் பச்சையாக ஒரு கோடு தெரிந்தது. நுனிவிரலால் நெம்பியதும் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு வட்டம் உள்ளங்கையில் விழுந்தது. அதன் மேல் களிம்பு மரகதம் போல மூடியிருந்தது. ஒரு விளிம்பில் மூன்று எழுத்துகளின் மேல்பாதி மட்டும் எட்டிப் பார்த்தது. மீதியைப் படித்துவிட வேண்டும் என்ற பரபரப்பில் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தேன். விரலுக்கும் காசுக்கும் இடையே இருந்த மணல் தன் வேலையைச் செய்தது. களிம்பு செதிலாகக் கழன்றது. எழுத்து களிம்பில்தான் இருந்தது, அதன் கீழே இருந்த உலோகம் எப்போதோ அரித்துப் போயிருந்தது. கையில் மிஞ்சியது பழுப்பும் மஞ்சளும் கலந்த ஒரு வெறும் தட்டு.

அதை எடுத்துக்கொண்டு அருங்காட்சியகம் ஒன்றில் காசுகளைப் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் போனேன். எழுத்து போய்விட்டதே என்று வருந்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் காசை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, “இது எங்கே கிடைத்தது, எவ்வளவு ஆழத்தில், பக்கத்தில் வேறு என்ன இருந்தது?” என்று மட்டும் கேட்டார். அன்று பதினொரு குழி தோண்டியிருந்தேன். எந்தக் குழி என்று எனக்குத் தெரியவில்லை. அவர் காசைத் திருப்பித் தந்துவிட்டு, அடுத்த முறை ஒரு நோட்டுப் புத்தகத்தையும் அளவுநாடாவையும் முதலில் எடுத்துப் போகச் சொன்னார். குரலில் கோபம் இல்லை என்பதுதான் கூடுதலாக உறுத்தியது.

இடம் ஏன் பொருளைவிடப் பெரியது என்பதற்கு அவர் சொன்ன எடுத்துக்காட்டு அமெரிக்காவின் லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களம். 1876 ஜூனில் அமெரிக்கப் படைத்தலைவர் கஸ்டரின் படைப்பிரிவு லகோட்டா, செயேன் பழங்குடி வீரர்களிடம் அழிந்த அந்தக் களத்தில், 1983இல் காட்டுத்தீ புல்லை எரித்துத் தரையை வெளிக்காட்டியது. அடுத்த ஆண்டு தொல்லியல் அறிஞர்கள் மெட்டல் டிடெக்டர் பழகிய தன்னார்வலர்களை வரிசையாக நிறுத்தி நடக்கவிட்டார்கள். ஒலி வந்த இடத்தில் முதலில் கொடி நடப்பட்டது. பிறகே தோண்டி, அளந்து, குறித்து எடுத்தார்கள். ஒவ்வொரு துப்பாக்கியிலும் தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் ஊசி தோட்டாவின் உறையில் தனக்கே உரிய தடத்தை விடும் என்பதால், ஒரே துப்பாக்கியின் உறைகள் கிடந்த இடங்களைக் கோத்துப் பார்த்தபோது, யார் எந்தப் பக்கம் நகர்ந்து சுட்டார்கள் என்பது தெரியவந்தது. அந்த உறைகளை எல்லாம் ஒருவர் பையில் அள்ளிக்கொண்டு போயிருந்தால் அவை வெறும் பித்தளை.

ஜெர்மனியின் கால்க்ரீசே இன்னொன்று. கி.பி. 9இல் ரோமானியரின் மூன்று படையணிகள் அழிந்த போர் எங்கே நடந்தது என்பது நூற்றாண்டுகளாக வாதமாகவே இருந்தது. 1987இல் டோனி கிளன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி, உள்ளூர்த் தொல்லியல் அலுவலரிடம் முன்கூட்டியே பேசிவிட்டு, பழைய வரைபடங்களைப் பார்த்து, அங்கே தேடினார். ரோமானிய வெள்ளிக்காசுகள் கிடைத்தன. காசு மட்டும் கிடைத்திருந்தால் யாரோ வணிகர் புதைத்தது என்று முடிந்திருக்கும். அடுத்த ஆண்டு அதே பகுதியில் மூன்று ஈயக் கவண்குண்டுகள் அகப்பட்டபோதுதான், அங்கே ஒரு படை நின்றிருக்கிறது என்ற பேச்சு எழுந்தது. இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் அந்தப் போர்க்களத்தை அங்கேதான் வைக்கிறார்கள். வெள்ளியைவிட ஈயம் அதிகம் சொன்ன இடம் அது.

இதையெல்லாம் கேட்டபின் என் டப்பாவை மறுபடி கொட்டிப் பார்த்தேன். குப்பையிலும் காலம் இருக்கிறது. கொல்லன் கையால் அடித்த ஆணியின் தண்டு சதுரமாக இருக்கும், நான்கு பக்கமும் நுனியை நோக்கி ஒடுங்கும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த, தகட்டிலிருந்து வெட்டிய ஆணி இரண்டு பக்கம் மட்டுமே ஒடுங்கும். இன்று நாம் அறையும் உருண்டைக் கம்பி ஆணி பரவலானது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில். விளிம்பு மடிப்புள்ள குப்பி மூடி வில்லியம் பெயின்டர் 1892இல் காப்புரிமை பெற்றது. அதற்கு முன்னால் அது எந்த மண்ணிலும் விழுந்திருக்க முடியாது. அலுமினியம் மலிவானதே 1886இல் அதை மின்சாரத்தால் பிரிக்கும் முறை வந்த பிறகுதான். குவளையிலிருந்து கிழித்தெறியும் வளையத்துக்கு 1963இல் காப்புரிமை கிடைத்தது. 1975இல் கழலாத வளையம் வந்ததும் பழையது மெல்ல மறைந்தது. காசு தேடுபவர் சபிக்கும் அந்த அலுமினிய வளையம், ஏறத்தாழ இருபது ஆண்டுக்குள் வைத்து மண்ணின் வயதைச் சொல்லக்கூடிய பொருள்! நான் அதை மாதக்கணக்காகக் குப்பைத்தொட்டியில் எறிந்துகொண்டிருந்தேன்.

தரிசு நிலத்தைக் கயிறு பிடித்து, ஐந்து மீட்டர் சதுரங்களாகப் பிரித்து, முதலிலிருந்து தொடங்கினேன். தலைமுறை தலைமுறையாக உழப்பட்ட நிலம் அது. மேல் ஒரு சாணில் இருப்பவை ஏற்கெனவே கலைந்தவை என்பதால் அந்த ஆழத்துக்குள் மட்டும் தோண்டுவது என்று முடிவு செய்துகொண்டேன். ஆணி உட்பட எது வந்தாலும் எண் போட்ட உறையில் இட்டு, சதுரத்தின் எண்ணையும் ஆழத்தையும் எழுதினேன். வேகம் பாதாளத்துக்குப் போனது. முன்பு ஒரு காலையில் சுற்றிய பரப்புக்கு இப்போது மூன்று வாரம் ஆயிற்று. ஆனால் கட்டம் போட்ட தாளில் புள்ளிகளை வைக்கத் தொடங்கியதும் இரண்டு விஷயங்கள் தலைகாட்டின.

ஒன்று, தென்மேற்கு மூலையில் குப்பி மூடிகள் குவிந்திருந்தன. ஒரே சதுரத்தில் முப்பத்தொன்று. மற்ற சதுரங்களில் ஒன்றோ இரண்டோ. அலுமினிய வளையம் ஒன்றுகூட அங்கே இல்லை. 1963க்கு முந்தையவை என்று உடனே எழுதத் துடித்த கையை அடக்கிக்கொண்டேன். குவளை விற்காத இடத்தில் வளையம் எப்படி விழும்? இல்லாததை வைத்து வாதிடுவது வழுக்குப்பாறையில் நடப்பது. நிலத்துக்காரப் பெரியவரிடம் கேட்டேன்.

“என்ன தம்பி, தங்கம் வந்துதா?”

“இல்லைங்க ஐயா, சோடா மூடிதான். அந்த மூலையில் மட்டும் ஏன் இவ்வளவு?”

அவர் கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்தார். தமக்கு விவரம் தெரிந்த நாளில் அங்கே ஒரு மரமும் அதன் நிழலில் தட்டி கட்டிய ஒரு கடையும் இருந்தன என்றும், மரம் விழுந்த ஆண்டிலேயே கடையும் போய்விட்டது என்றும் சொன்னார். அப்படி ஒரு கடை இருந்ததையே மறந்துவிட்டதாகவும் சொன்னார். எந்த ஏட்டிலும் ஏறாத கடை அது. அதன் வாசல் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்பதை மூடிகள் சிதறிய வாக்கைக் கொண்டு என்னால் ஓரளவு ஊகிக்க முடிகிறது. கடையின் பின்புறத்தில் மூடிகள் சட்டென நின்றுவிடுகின்றன.

இரண்டாவது விஷயத்தில் முதலில் நான் ஏமாந்தேன். சதுரத் தண்டு ஆணிகள், சங்கிலிக் கண்ணி ஒன்று, வார்ப்பட்டைக் கொக்கி ஒன்று, தேய்ந்த செப்புக்காசுகள் ஐந்து ஆகியவை நிலத்தின் குறுக்கே மூலைவிட்டமாக ஒரு கோட்டில் விழுந்திருந்தன. இன்றைய வேலிக்கும் வரப்புக்கும் அந்தக் கோடு ஒத்துப்போகவில்லை. பழைய பாதை என்று மகிழ்ந்துபோய் இரண்டு நாள் தூக்கமில்லாமல் இருந்தேன். மூன்றாம் நாள் நிலத்தில் நின்று பார்த்தபோது ஒரு சந்தேகம் வந்தது: புதர் இல்லாமல் வெறுந்தரையாக, நடக்க வசதியாக இருந்ததும் அதே மூலைவிட்டம்தான். நான் எங்கே சௌகரியமாக நடந்தேனோ அங்கே பொருள் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதானோ? புதரை வெட்டிச் சுத்தம் செய்துவிட்டு, விட்டுப்போன சதுரங்களைக் குறுக்குத் திசையில் நடந்து மறுபடி தேடினேன். புள்ளிகள் இருபுறமும் கொஞ்சம் பரவின, கோடு அகலமாயிற்று, ஆனால் அழியவில்லை. அதன் பிறகே பழைய நில அளவை வரைபடத்தைத் தேடிப் போனேன். அதில் அந்த மூலைவிட்டம் இரட்டைப் புள்ளிக்கோடாக வரையப்பட்டிருந்தது. வரைபடத்தை முதலிலேயே பார்த்திருந்தால் எவ்வளவோ உழைப்பு மிச்சம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மைதான். ஆனால் பார்த்துவிட்டுத் தேடியிருந்தால் கோட்டின் மேல் மட்டும் தேடி, கோட்டில் மட்டும் கண்டெடுத்து, அதையே சான்று என்று நம்பியிருப்பேன்.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இந்தக் கருவியைப் பற்றி யாரும் எழுதக்கூடாது. நாட்டுக்கு நாடு விதி மாறும். இங்கிலாந்தில் நில உரிமையாளரின் அனுமதியோடு தேடலாம். 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி புதையல் என்ற வரையறைக்குள் வருவதை 14 நாளுக்குள் அறிவிக்க வேண்டும். அயர்லாந்தில் தொல்பொருளைத் தேடி இக்கருவியை இயக்கவே அரசின் இசைவு வேண்டும். இந்தியாவில் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது; பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டும் புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னங்களின் பக்கம் கருவியோடு தலைகாட்டவே கூடாது. வெடிகுண்டு போலத் தோன்றும் எதையும் தொடாமல் விலகிக் காவல்துறையைக் கூப்பிட வேண்டும் என்பதற்கு விளக்கம் தேவையில்லை.

விதியை மதித்ததால் என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு நான் ஹாக்ஸ்ன் என்ற ஊரைத்தான் காட்டுவேன். 1992 நவம்பரில் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில், நண்பரான விவசாயி வயலில் தொலைத்த சுத்தியலைத் தேடப் போன எரிக் லாஸ், ரோமானியக் காசுகளும் வெள்ளிக் கரண்டிகளும் தங்கச் சங்கிலிகளும் மண்ணில் கிடப்பதைக் கண்டார். கொஞ்சம் எடுத்ததும் நிறுத்திவிட்டு, மீதியை மண்ணிலேயே விட்டுவிட்டு, தகவல் சொன்னார். மறுநாளே தொல்லியலாளர்கள் வந்து தோண்டினார்கள். ஏறத்தாழ 15,000 காசுகள் இருந்த அந்தக் குவியல் ஒரு மரப்பெட்டிக்குள் எப்படி அடுக்கப்பட்டிருந்தது, எது எதற்குப் பக்கத்தில் வைக்கப்பட்டது என்பதெல்லாம், அவர் கை நின்ற இடத்தில் நின்றதால்தான் தெரியவந்தது. தொலைந்த சுத்தியலும் கிடைத்தது. அதுவும் இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே நாட்டில் 2015இல் ஹெரிஃபோர்ட்ஷையரில் வைக்கிங் காலத்துக் குவியலொன்றைக் கண்டெடுத்தவர்கள் அறிவிக்காமல் கைமாற்றினார்கள். ஏறத்தாழ 300 காசுகள் இருந்திருக்கலாம் என்று கணக்கிடப்பட்ட அதில் சிறு பகுதியே மீண்டது. மீண்ட காசுகளில், அன்று இங்கிலாந்தில் தனித்தனி அரசுகளாக இருந்த வெசெக்ஸின் ஆல்ஃபிரட் அரசரும் மெர்சியாவின் செயோல்வுல்ஃப் அரசரும் சரிசமமாக அக்கம்பக்கத்தில் அமர்ந்திருக்கிறார்கள். பின்னாளில் எழுதப்பட்ட வரலாறு செயோல்வுல்ஃபை வெறும் பொம்மை அரசராக ஒதுக்கியிருந்தது. மீதிக் காசுகள் என்ன சொல்லியிருக்குமோ!

என் நிலத்தில் அப்படி எதுவும் இல்லை. இருக்கும் என்று நினைக்கவும் இல்லை. கோடு வேலியை எட்டுவதற்குச் சற்று முன்னால், கலப்பை ஏறாத சிறு மேடு ஒன்று இருக்கிறது. அதன் நடுவே, திரையில் 81க்கும் 83க்கும் இடையில் நின்று, எந்தத் திசையிலிருந்து வீசினாலும் மாறாத ஓர் ஒலி வருகிறது. நான் எனக்கென வகுத்துக்கொண்ட ஒரு சாணுக்குக் கீழே, கலையாத மண்ணில் இருக்கிறது. சதுர எண்ணையும் வேலிக்கல்லிலிருந்து அதன் தூரத்தையும் எழுதி, தொல்லியல் துறைக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறேன். பெரியவர் இரண்டு முறை கேட்டுவிட்டார்.

“இன்னும் தோண்டலையா தம்பி?”

“இல்லைங்க ஐயா. அவங்க வந்து பார்க்கட்டும்.”

“பழைய கொண்டியா இருந்தா?”

“இருக்கட்டும், ஐயா.”

அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் சுருளை மேட்டின் மேல் ஒருமுறை வீசிப் பார்த்துக்கொள்கிறேன். நேற்று 82.